கயிற்றை ஜெயிக்கும் கூண்டு

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் சாலையிலோ, கும்மிடிப்பூண்டி பஜார் பக்கமோ காலை நேரத்தில் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வரும். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் நாட்டுக்கோழிகள் கால் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவை கழுத்தை மேலே தூக்கித் தூக்கிப் பார்க்கும். பின்னால் வருகிறவர் ஒரு நிமிடம் பாவப்படுவார். பிறகு முந்திக்கொண்டு போய்விடுவார்.

ஓட்டிப் போகிறவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அதே கோழிக்கு நொய்யும் கம்பும் போட்டு, நரியும் கீரியும் தூக்காமல் காப்பாற்றி வளர்த்தவர்தான் அவர். அவருடைய பிரச்சினை வேறு. சந்தைக்குப் போகும்போது வண்டியில் கோழி இருக்கும். திரும்பும்போது இருக்காது. அதற்குப் பதில் அரிசி மூட்டை, மாட்டுத் தீவனம், சில நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை என்று ஏதாவது ஏறும். காலிக் கூண்டை எங்கே வைப்பது? ஆகவே கயிறு! ஒரு முழக் கயிற்றுக்குச் செலவே இல்லை. வேலை முடிந்ததும் சட்டைப் பைக்குள் போய்விடும்.

கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் மடியும் கூண்டு செய்ய நினைக்கிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அந்தக் கூண்டு போட்டி போடுவது இந்த ஒரு முழக் கயிற்றோடு. அதை ஜெயிக்க முடியாவிட்டால் எவ்வளவு அழகாக மடிந்தாலும் கல்லூரிக் கண்காட்சியோடு அதன் கதை முடிந்துவிடும்.

லாரிக்காரருக்கு இது தேவையா?

மடியும் கூண்டு என்றதும் பலருக்கு நினைவு வருவது கறிக்கோழி லாரிதான். தமிழ்நாட்டில் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பு 1990-களில் உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் வேர் பிடித்தது. இன்று கடைகளுக்கு லாரி லாரியாகக் கோழி வருகிறது. எல்லாம் மடியாத பிளாஸ்டிக் கிரேட்டுகள்.

அந்தக் கிரேட்டுகள் மடிந்தால் லாபமா? யோசித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. லாரி எப்படியும் பண்ணைக்குத் திரும்பியாக வேண்டும். கோழி எச்சம் ஒட்டிய வண்டியில் வேறு சரக்கை யாரும் ஏற்ற மாட்டார்கள். இருநூறு கிரேட்டை மடித்து மறுபடி விரிக்க ஆள் கூலிதான் கூடும். மடித்ததால் கிடைத்த இடம் வெறுமனே காற்று வாங்கும்.

ஆக, மடியும் கூண்டால் நிஜமாகப் பயன் பெறப்போவது சின்ன ஆட்கள்தான். வீட்டில் பத்து இருபது கோழி வளர்க்கும் பெண்கள், ஊர் ஊராகப் போய்க் கோழி பிடித்து வரும் வியாபாரி, ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஒன்றிரண்டு கோழி கொண்டு போகிறவர்கள்.

தலைகீழாகத் தொங்கினால் என்ன ஆகும்?

மனிதனுக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசைத் திரை இருக்கிறது. கோழிக்கு அப்படி ஒரு திரை கிடையாது. அது மூச்சு விடுவது உடலுக்குள் பல இடங்களில் இருக்கும் காற்றுப் பைகளின் உதவியால். தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் இரைப்பையும் அந்தப் பைகள் மேலும் நுரையீரல் மேலும் சரிந்து அழுத்துகின்றன. மூச்சு விடுவதே சிரமமாகிவிடும். போதாக்குறைக்கு உடல் எடை முழுவதும் கட்டிய கால் மூட்டில் இறங்குகிறது. படபடவென்று அடிக்கும்போது இறக்கை எலும்பும் உடையும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவில், தேவையில்லாத வலி தரும் விதத்திலோ நிலையிலோ ஒரு பிராணியைக் கொண்டு போவதைக் குற்றம் என்கிறது. வண்டியில் கொண்டு போனாலும் கையில் கொண்டு போனாலும் குற்றம்தான். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எழுதியது பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! 1960-ல் அது கொஞ்சம் பெரிய தொகை. இன்றைக்கு அதைக் கேட்டு யார் பயப்படுவார்கள்?

சட்டம் போட்ட விடுகதை

1978-ல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகளில், 2001-ல் கோழி இனங்களுக்கென்று ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள். கூண்டு வடிவமைக்கிறவருக்கு அதுதான் பாடப்புத்தகம். வளர்ந்த கோழி ஒன்றுக்குக் குறைந்தது 480 சதுர சென்டிமீட்டர் தரை வேண்டும். 115 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள கூண்டில் 12 கோழிகள் போகலாம். மூன்று மாதக் குஞ்சு என்றால் 230 சதுர சென்டிமீட்டர் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு விதியில் கணக்கு எடையை வைத்துப் போடப்படுகிறது. 1.6 முதல் 3 கிலோ வரை உள்ள கோழிக்குக் கிலோவுக்கு 160 சதுர சென்டிமீட்டர். அதாவது இரண்டு கிலோ கோழிக்கு 320. காகிதத்தில் பார்த்தால் நம்மூர்க் கோழிக்குத்தான் தாராளம்! நடைமுறை என்னவென்று சாலையில் பார்த்தால் தெரியும்.

அதே அத்தியாயத்தில் வேறு சில வரிகளும் உண்டு. கூண்டின் மூலைகளில் கோழிகள் குவிந்துவிடாதபடி வடிவமைப்பு இருக்க வேண்டும். சாலை வழியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டை அடுக்கக் கூடாது. வெப்பநிலை 25 டிகிரிக்கு மேல் போனால் கோழிகளைக் கொண்டு போகக் கூடாது. இன்னொன்று முக்கியமானது. கூண்டு, சரிந்து நொறுங்கி விழாத பொருளால் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது விடுகதை புரிகிறதா? கூண்டு மடிந்து விழக் கூடாது என்கிறது விதி. மடியாவிட்டால் எனக்கு வேண்டாம் என்கிறார் வண்டிக்காரர். இரண்டு பேருமே சொல்வது நியாயம்தான். கோழி உள்ளே இருக்கும்வரை மலை மாதிரி நிற்க வேண்டும், கோழி இறங்கியதும் பாய் மாதிரி சுருள வேண்டும். இதுதான் வடிவமைப்பாளருக்கான கேள்வித்தாள்.

பஞ்சாரம் சொல்லும் பாடம்

இந்தக் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று கிராமத்து வீடுகளில் இருக்கிறது. மூங்கிலில் பின்னிய பஞ்சாரம். குஞ்சோடு தாய்க்கோழியைக் கவிழ்த்து மூடும் அந்தக் கூடை மடியாது. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். பத்துப் பஞ்சாரத்தை அடுக்கினால் ஒன்றின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடும். காலியாக இருக்கும்போது இடத்தை அடைக்கக் கூடாது என்ற பிரச்சினையைக் கூடை முடைகிறவர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அது வட்டமாக இருப்பதால் மூலையே கிடையாது. மூலையில் குவியக் கூடாது என்று 2001-ல் விதி எழுதியவர்கள் கேட்டதும் அதுதான்!

ஆனால் பஞ்சாரத்துக்கு அடிப்பக்கம் இல்லை. வண்டியில் வைத்துக் கட்டினால் வழுக்கும். மூங்கில் இடுக்கில் எச்சம் புகுந்தால் சுத்தமாகக் கழுவவும் முடியாது. ஒரே ஒரு கூண்டு வைத்திருப்பவருக்கு அடுக்குவதால் பயனும் இல்லை.

மடியும் கூண்டு ஒன்றும் ஏற்கனவே புழக்கத்தில் உண்டு. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் குஞ்சுகள் வரும் அட்டைப் பெட்டிதான் அது. தட்டையாக வந்து இறங்கும் அட்டையை மடித்துப் பெட்டியாக்குவார்கள். உள்ளே நான்கு அறை, பக்கமெல்லாம் ஓட்டை. மேலே சின்ன முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிமேல் பெட்டி வைத்தாலும் நடுவில் காற்றுப் போக இடம் இருக்கத்தான் அந்த முனைகள். ஒரு தடவையோடு தூக்கி எறிவதால் கழுவும் வேலையும் இல்லை. முப்பது நாற்பது கிராம் குஞ்சுக்கு அட்டை போதும். ஒன்றரைக் கிலோ சேவலுக்குப் போதாது.

மடிப்புக் கணக்கு

காய்கறி மொத்தக் கடைகளில் மடியும் பிளாஸ்டிக் பெட்டி பார்த்திருக்கலாம். அதையே வாங்கிக் கோழியைப் போட்டால் என்ன? தக்காளி தள்ளாது, கோழி தள்ளும். கயிறு போட்டு இறுக்கினால் தக்காளிப் பெட்டியின் பக்கம் உள்ளே சாய்ந்தாலும் நஷ்டம் நாலு தக்காளி. கோழிக் கூண்டில் பக்கம் சாய்ந்தால் உயிர் போகும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விதி சொன்ன 115 x 50 x 45 கூண்டில் குட்டைப் பக்கங்கள் இரண்டும் 45 செ.மீ. உயரம். உள்பக்கமாக மடித்தால் இரண்டும் சேர்ந்து 90 செ.மீ. நீளம் 115 என்பதால் ஒன்றை ஒன்று இடிக்காமல் தரையில் படுத்துக்கொள்ளும். நீளப் பக்கங்கள் அப்படிப் படுக்காது. அகலம் 50 தானே? ஆகவே ஒன்றின்மேல் ஒன்றுதான் படுக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கத்தின் கீலைவிட மறுபக்கத்தின் கீல் ஒரு பலகைக் கனம் மேலே இருக்க வேண்டும். பலகை 3 செ.மீ. என்றால் தரை, குட்டைப் பக்கங்கள், நீளப் பக்கங்கள் இரண்டு, மூடி என்று ஐந்து அடுக்கு, 15 செ.மீ. விரித்த கூண்டின் வெளி உயரம் 51. ஒரு கூண்டு இருந்த இடத்தில் மூன்று அடங்கும்.

ஆனால் 115 செ.மீ. கூண்டு இருசக்கர வண்டிக்கு ஆகாது. 55 x 50 x 45 அளவில் செய்தால் கேரியரில் உட்காரும். ஒரு கோழிக்கு 480 என்ற கணக்கில் ஐந்து கோழி வசதியாகப் போகலாம். இங்கே நான்கு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் மடியும். மொத்தம் ஆறு அடுக்கு. பிளாஸ்டிக்கில் 18 செ.மீ. வரும். கம்பிச் சட்டத்தில் வெல்டு மெஷ் அடித்துச் செய்தால் ஒரு அடுக்கு ஒரு சென்டிமீட்டர்தான். மடித்தால் ஆறு செ.மீ. கனம். கிட்டத்தட்ட ஒரு சின்ன கேரம் போர்டு! வண்டியின் பக்கவாட்டில் செருகிவிட்டு மேலே அரிசி மூட்டை வைக்கலாம்.

பால்கேன் மாதிரி இரண்டு பக்கமும் தொங்கவிட 80 x 30 என்று குறுகலாகச் செய்யலாமே என்று தோன்றும். தரை அளவு சரியாக ஐந்து கோழிக்கு வரும். ஆனால் 45 செ.மீ. உயரப் பக்கம் 30 செ.மீ. அகலத்துக்குள் எப்படி மடியும்? பதினைந்து செ.மீ. வெளியே நீட்டிக்கொள்ளும். பக்கத்தின் உயரம் தரையின் அகலத்தைத் தாண்டக் கூடாது.

மூடியே பூட்டு

இனி விடுகதைக்கு விடை. எல்லாப் பக்கமும் உள்நோக்கி மட்டுமே மடிய வேண்டும். உள்ளே இருக்கும் கோழி எப்போதும் வெளிப்பக்கம்தான் தள்ளும். தள்ளத் தள்ளப் பக்கம் தன் தடுப்பில் போய் இறுகும்.

ஆபத்து வெளியிலிருந்து வருவது. டியூப் கயிறு போட்டு இழுத்துக் கட்டும்போது பக்கம் உள்ளே சாயப் பார்க்கும். அதற்குக் குட்டைப் பக்கங்கள் இரண்டும் நீளப் பக்கங்களுக்கு நடுவே முட்டுக் கொடுத்தாற்போல் நிற்க வேண்டும். அவை நிற்கும்வரை நீளப் பக்கங்கள் சாயாது. அவற்றை யார் பிடித்துக்கொள்வது? மூடி. மூடியின் அடியில் ஒரு பள்ளம் வைத்து, குட்டைப் பக்கங்களின் மேல் விளிம்பு அதில் போய் உட்காரும்படி செய்தால் போதும். மூடி இருக்கும்வரை கூண்டு மடியாது. மூடியைக் கழற்றினால்தான் முதலில் குட்டைப் பக்கங்களும் பிறகு நீளப் பக்கங்களும் மடியும். தனிக் கொக்கியோ ஸ்பிரிங்கோ தேவையில்லை.

அப்படியானால் கோழியை எப்படி ஏற்றி இறக்குவது? மூடியின் நடுவில் ஒரு நகரும் கதவு வைக்க வேண்டும். கையும் கோழியும் சேர்ந்து இறக்கை மடங்காமல் வெளியே வருகிற அளவு, 25 அல்லது 30 செ.மீ. இருக்கட்டும். கதவு திறந்தாலும் மூடி அப்படியே இருக்கும். உள்ளே ஒரு கோழி மிச்சம் இருந்தாலும் கூண்டை மடிக்க யாருக்கும் தோன்றாது.

தரைக்கு வெறும் மெஷ் வைக்கக் கூடாது. நகம் மாட்டும். வரி போட்ட பிளாஸ்டிக் தகடோ ரப்பர் விரிப்போ வேண்டும். பக்க மெஷ் ஒரு அங்குலக் கட்டமாக இருந்தால் தலை வெளியே போகாது. வெட்டிய கம்பி முனை ஒன்றுகூட உள்ளே நீட்டக் கூடாது.

பிளாஸ்டிக்கா, கம்பியா? பிளாஸ்டிக் அச்சு வார்ப்பில் செலவெல்லாம் அச்சுக்குத்தான். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுபடியாகும். அச்சு வடிவமைப்பு கற்றுத்தர 1968-ல் தொடங்கிய சிப்பெட் கிண்டியில் இருக்கிறது, என்றாலும் முதல் ஐம்பது கூண்டை அச்சில் வார்க்க யாரும் முன்வர மாட்டார்கள். கம்பிக் கூண்டை ஒரு வெல்டிங் பட்டறையே செய்துவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. தவறு தெரிந்தால் அறுத்து மறுபடி ஒட்டலாம்.

வெயிலும் நோயும்

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஒரு கோழியிலிருந்து பத்து வாட்டுக்கு மேல் வெப்பம் வெளியாகிறது. ஐந்து கோழி என்றால் ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி. திருவள்ளூர் பக்கம் மே, ஜூன் மாதங்களில் நள்ளிரவில்கூட 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. விதியை அப்படியே பிடித்தால் அந்த இரண்டு மாதமும் வியாபாரமே நடக்காது.

கூண்டால் வெயிலைக் குறைக்க முடியாது. காற்றை மறிக்காமல் இருக்க முடியும். தலைக்கு மேல் இடைவெளி விட வேண்டும். மூடியின் மேல் நிழலுக்கு ஒரு வெள்ளைத் துணி போதும். வெளிப்பக்கம் இரண்டு விரல் நீளத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், இன்னொரு கூண்டையோ மூட்டையையோ நெருக்கி வைத்தாலும் காற்றுப் போகும். குஞ்சுப் பெட்டியின் முனைகள் செய்யும் வேலைதான். வண்டி ஓடும்போது இதெல்லாம் வேலை செய்யும். ரயில்வே கேட்டில் நின்றால் செய்யாது. ஆகவே நிழலில் நிறுத்துவது ஓட்டுகிறவரின் பொறுப்பு.

அடுத்தது கழுவுவது. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது. 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களில் வந்தது. இரண்டுமே சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை வழியே கும்மிடிப்பூண்டியோடு சேர்ந்திருக்கும் பகுதிகள். இந்தக் கிருமி கோழியோடு மட்டும் வருவதில்லை. எச்சம் ஒட்டிய கூண்டோடும் வரும். மடியும் கூண்டின் பலவீனமே இங்கேதான். எத்தனை கீலோ அத்தனை இடுக்கு.

இதற்கு வழி, கீலுக்குப் பதில் ஒரு நீளக் கம்பியைச் செருகுவது. கம்பியை உருவினால் பக்கங்கள் தனித்தனியாகக் கழன்று வரும். முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்க்க வேண்டும். எச்சம் ஒட்டியிருக்கும்போது பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினால் அதன் வீரியம் எச்சத்திலேயே தீர்ந்துபோகும். தேய்த்த பிறகு கிருமிநாசினி, பிறகு நல்ல தண்ணீர், பிறகு வெயில். அடிக்கும் வெயிலுக்கு இப்படியாவது ஒரு பயன்!

ஆட்டுக்குட்டிக்கு?

2011 செப்டம்பரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா, ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு தரும் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருவள்ளூர் மாவட்டத்தில்தான். மெட்ராஸ் சிவப்பு என்ற செம்மறி இனத்துக்கும் இந்த வட்டாரம்தான் தாய் வீடு. இங்கே குட்டிகளும் இருசக்கர வண்டியில், இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டுதான் போகின்றன.

இருபது கிலோவுக்கு மேற்படாத ஆட்டுக்கு 0.18 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது விதி. 55 x 50 தரையில் 0.275 இருக்கிறது. ஒரு குட்டிக்கு நிறையவே போதும். ஆனால் கோழி உட்கார்ந்து போகும், குட்டி நிற்கும். 45 செ.மீ. அதற்குப் போதாது. உயரத்தைக் கூட்டினால் பக்கம் தரையைவிடப் பெரிதாகி மடியாது. ஆகவே அதே அளவில் தரையில்லாத இன்னொரு சட்டத்தை மேலே செருகி, மூடியை அதன்மேல் போடலாம். மேல் சட்டம் கீழ்ச் சட்டத்தின் விளிம்பை மூடி மாதிரியே பிடித்துக்கொள்ள வேண்டும். குட்டி உதைக்கும் என்பதால் கம்பி கொஞ்சம் கனமாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சோதனை

திருவள்ளூர் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வருடா வருடம் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி மாணவர்கள் அலைகிறார்கள். இந்தக் கூண்டு நல்ல தலைப்பு. ஆனால் சோதனையைக் கோழியில் ஆரம்பிக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோ மணல் மூட்டை ஐந்தை உள்ளே போட்டு, டியூப் கயிற்றால் இறுக்கிக் கட்டி, லாரிகள் பள்ளம் பறித்த சாலையில் பத்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். மூடி அசையாமல் வந்தால் அடுத்த படி. 1989-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பக்கத்தில் மாதவரத்தில்தான் இருக்கிறது. கோழியை ஏற்றுமுன் அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த பிறகு உண்மையான தேர்வு சந்தையில்தான். ஐந்து கோழி விற்ற ஒரு அம்மாவிடம் கூண்டைக் கொடுத்து மடிக்கச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் அவர் மடித்துவிட்டால் அந்தக் கூண்டு பிழைக்கும். பத்துப் பன்னிரண்டு கோழி தூக்கும் வியாபாரியை உடனே மாற்ற முடியாது. அவருக்கு இரண்டு கூண்டு வேண்டும், கயிறு அவரை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஐந்து கோழிக்காரரை மாற்றலாம். அடுத்த வாரம் சந்தைக்கு வரும்போது அந்த அம்மா தானாகவே கூண்டைக் கொண்டுவந்தால், கயிறு தோற்றுவிட்டது என்று அர்த்தம்.